போலீஸ்காரருக்குப் படிப்பு எதற்கு?

அமெரிக்க ஊர்க் கல்லூரிகளில் நடக்கும் பாடம்

"போலீஸ் வேலைக்குப் படிப்பு எதற்கு? நல்ல உடல் கட்டு இருந்தால் போதும். வேகமாக ஓடத் தெரிந்தால் போதும்!"

இப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

இன்று அங்கே நிலைமை வேறு.

அமெரிக்காவில் ஏதாவது ஒரு நடுத்தர ஊருக்குப் போங்கள். மாலை 6 மணிக்கு மேல் அந்த ஊர்க் கல்லூரியை எட்டிப் பாருங்கள். ஒரு வகுப்பறையில் விளக்கு எரியும். உள்ளே பல வயதுக்காரர்கள் உட்கார்ந்து இருப்பார்கள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பையன் இருப்பான். பகல் முழுவதும் கடையில் நின்று சாமான் விற்ற பெண் இருப்பாள். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர் இருப்பார். பதவி உயர்வை எதிர்பார்க்கும் ஜெயில் காவலரும் இருப்பார்.

ஆசிரியர் கேள்வி கேட்பார்:

"நடுராத்திரி. ரோட்டில் ஒரு காரை நிறுத்துகிறீர்கள். பின்பக்க விளக்கு எரியவில்லை. அதுதான் குற்றம். காரின் பின்பெட்டியைத் திறந்து சோதனை போட உங்களுக்கு அதிகாரம் உண்டா?"

"உண்டு" என்பார் ஒருவர். "இல்லை" என்பார் இன்னொருவர்.

"எந்தச் சட்டப்படி? எந்தத் தீர்ப்பின்படி? அதைச் சொல்லுங்கள்" என்பார் ஆசிரியர்.

இதுதான் "கிரிமினல் ஜஸ்டிஸ்" படிப்பு. தமிழில் சொன்னால், குற்றவியல் நீதிப் படிப்பு. போலீஸ், கோர்ட்டு, ஜெயில் ஆகிய மூன்றைப் பற்றியும் சொல்லிக் கொடுக்கும் படிப்பு.

இந்தப் படிப்பைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது வேலை வாங்கிக் கொடுக்கிறதா?

போலீஸ்காரரை இது நல்ல போலீஸ்காரர் ஆக்குகிறதா?

முதல் கேள்வி அந்தப் பிள்ளையின் பிழைப்பைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, தெருவில் போகிறவர்களின் உயிரைப் பற்றியது. இரண்டையும் பார்ப்போம்.

ஊர்க் கல்லூரி

முதலில், இந்தக் கல்லூரி எப்படிப்பட்டது?

இதற்கு "சமுதாயக் கல்லூரி" என்று பெயர். இங்கே பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்புதான். மாணவர்கள் வீட்டில் இருந்தே வந்து படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே மாலையிலும் படிக்கலாம்.

இந்த வகையில் மிகப் பழைய அரசாங்கக் கல்லூரி இல்லினாய் மாகாணத்தில் ஜோலியட் என்ற ஊரில் இருக்கிறது. 1901-ம் ஆண்டில் தொடங்கினார்கள். அன்று அதில் படித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறே பேர்!

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. போரில் இருந்து திரும்பிய வாலிபர்கள் படிக்க விரும்பினார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த ட்ரூமன் ஒரு கமிஷன் அமைத்தார். "எல்லா ஊர் மக்களுக்கும் எட்டும்படியாகக் கல்லூரிகள் வேண்டும்" என்று அந்தக் கமிஷன் 1947-ல் சிபாரிசு செய்தது. அதன்பிறகு இந்தக் கல்லூரிகள் பெருகின. இன்று சுமார் 1,000 கல்லூரிகள் இருக்கின்றன.

செலவும் குறைவு. கலிபோர்னியா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பாடத்தை "யூனிட்" கணக்கில் அளக்கிறார்கள். உள்ளூர் மாணவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம் என்று 2012-ல் வைத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதை ஏற்றவில்லை. இரண்டு ஆண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 2,760 டாலர். புத்தகம், சாப்பாடு, பஸ் செலவு தனி. அமெரிக்கக் கணக்குக்கு இது மிகவும் மலிவு. ஏழை மாணவர்களுக்குச் சர்க்கார் உதவித்தொகையும் உண்டு.

தபால்காரர் தொடங்கிய பள்ளி

போலீசுக்குப் படிப்பு வேண்டும் என்று முதலில் சொன்னவர் பெரிய படிப்பாளி அல்ல. அவர் ஒரு தபால்காரர்!

அவர் பெயர் ஆகஸ்ட் வால்மர். கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து வந்தார். அதற்கு முன்பு பட்டாளத்தில் சேர்ந்து பிலிப்பைன்சில் போர் புரிந்தவர். பள்ளியில் அதிகம் படிக்கவில்லை.

1905-ல் அவரை ஊர்க் காவல் தலைவராக மக்கள் தேர்ந்து எடுத்தார்கள். பிறகு அவரே போலீஸ் தலைவர் ஆனார்.

அந்தக் காலத்துப் போலீஸ் எப்படி இருந்தது? கட்சிக்காரர் சிபாரிசு இருந்தால் வேலை. கையில் ஒரு தடி. அவ்வளவுதான். பயிற்சி கிடையாது. சட்டம் தெரியாது.

வால்மர் தம் ஆட்களைச் சைக்கிளில் ரோந்து போகச் சொன்னார். பிறகு காரில் போகச் சொன்னார். 1908-ல் போலீஸ்காரர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1916-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலேயே வகுப்பு நடக்க ஏற்பாடு செய்தார். கல்லூரி மாணவர்களைத் தேடிப் பிடித்துப் போலீசில் சேர்த்தார்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் வால்ட்டர் கார்டன் என்ற நீக்ரோ இன வாலிபர். (அந்தச் சொல்லை இன்று மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டார்கள். கறுப்பினத்தவர் என்றே சொல்கிறார்கள்.) கறுப்பினத்தவருக்குப் பல இடங்களில் கதவு மூடி இருந்த காலம் அது. கார்டன் போலீஸ் வேலை பார்த்தபடியே சட்டம் படித்தார். 1922-ல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் வர்ஜின் தீவுகளுக்குக் கவர்னர் ஆனார். பிறகு நீதிபதியும் ஆனார்!

1930-ல் கலிபோர்னியாவில் சான் ஓசே நகரக் கல்லூரி, போலீஸ் வேலைக்கு என்றே ஒரு படிப்பைத் தொடங்கியது. பிறகு மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. வால்மர் காலத்துப் பாடத்தில் நல்லது மட்டும் இருக்கவில்லை. சில இனத்தவர் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள் என்பது போன்ற பொய்க் கருத்துகளும் "விஞ்ஞானம்" என்ற பெயரில் இடம் பெற்றன. படிப்பு இருந்தால் மட்டும் போதாது. என்ன படிப்பு என்பதும் முக்கியம்.

அடித்து வாங்கிய வாக்குமூலம்

படிப்பு இல்லாத போலீசால் வந்த கேடு என்ன?

1929-ல் ஜனாதிபதி ஹூவர் ஒரு கமிஷன் அமைத்தார். 1931-ல் அது கொடுத்த அறிக்கை நாட்டையே திடுக்கிட வைத்தது. சந்தேகப்பட்டவர்களை அடித்தும், தூங்க விடாமல் வதைத்தும் போலீசார் வாக்குமூலம் வாங்குகிறார்கள் என்று அது வெளிப்படையாகச் சொன்னது.

அடுத்து 1934-ல் மிசிசிப்பி மாகாணத்தில் ஒரு வெள்ளைக்கார விவசாயி கொலை செய்யப்பட்டார். மூன்று கறுப்பினத்தவரைப் பிடித்தார்கள். ஒருவரைக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட்டார்கள். மற்றவர்களைத் தோல்வாரால் முதுகு கிழிய அடித்தார்கள். "நாங்கள்தான் கொன்றோம்" என்று மூவரும் சொன்னார்கள். மூவருக்கும் தூக்குத் தண்டனை!

அடித்தது உண்மை என்று அந்தக் காவல் அதிகாரியே கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். அப்படியும் தண்டனை கொடுத்தார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1936-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று தீர்ப்புக் கூறியது.

இந்த வழக்கை இன்று போலீஸ் வேலைக்குப் படிக்கும் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள்.

பென்சிலால் எழுதிய மனு

அவர்கள் படிக்கும் இன்னொரு வழக்கு, கதை போல இருக்கும்.

புளோரிடா மாகாணத்தில் பனாமா சிட்டி என்று ஒரு ஊர். 1961-ம் ஆண்டு ஜூன் மாதம். அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடத்தில் திருட்டு நடந்தது. போனது கொஞ்சம் சில்லறைக் காசும் சில பாட்டில்களும்தான்.

கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழையைப் போலீசார் பிடித்தார்கள். அவர் கோர்ட்டில், "எனக்கு வக்கீல் வேண்டும். வைத்துக்கொள்ளப் பணம் இல்லை" என்று கேட்டார். "மரண தண்டனை வழக்கில்தான் சர்க்கார் வக்கீல் கொடுக்கும்" என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

கிடியன் தாமே வாதாடினார். தோற்றார். 5 ஆண்டு ஜெயில்.

ஜெயிலில் அவர் சும்மா இருக்கவில்லை. சட்டப் புத்தகங்களைப் புரட்டினார். பென்சிலை எடுத்தார். ஜெயில் தாளில் தம் கையாலேயே சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதினார். பள்ளிப் படிப்பையே முடிக்காத மனிதர் அவர்!

1963-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நீதிபதிகள் எல்லோரும் ஒரே முடிவைச் சொன்னார்கள். "பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்குச் சர்க்கார் வக்கீல் கொடுத்தே தீர வேண்டும்" என்பதே அந்தத் தீர்ப்பு.

வழக்கு மறுபடியும் நடந்தது. இந்தத் தடவை கிடியனுக்கு வக்கீல் இருந்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரம் யோசித்தார்கள். "கிடியன் குற்றவாளி அல்ல" என்றார்கள்!

மூன்று ஆண்டுகள் கழித்து, 1966-ல், மிராண்டா வழக்கில் இன்னொரு பெரிய தீர்ப்பு வந்தது. காவலில் வைத்து விசாரிக்கும் முன்பு போலீஸ்காரர் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்புக் கூறியது. "நீ பேசாமல் இருக்கலாம். நீ சொல்வது உனக்கு எதிராகப் பயன்படும். வக்கீல் வைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. பணம் இல்லாவிட்டால் சர்க்கார் வக்கீல் வரும்." இதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம். அமெரிக்கச் சினிமாப் படங்களில் இதை நீங்களும் கேட்டு இருப்பீர்கள்.

"இப்படிச் சொன்னால் குற்றவாளி தப்பிவிட மாட்டானா?" என்று கேட்கலாம். மிராண்டா தப்பவில்லை. 1967-ல் வழக்கு மறுபடியும் நடந்தது. அந்த வாக்குமூலம் இல்லாமலே வேறு சாட்சியத்தைக் கொண்டு அவர் குற்றவாளி என்று முடிவாயிற்று.

ஆக, சட்டம் தெரிந்த போலீஸ்காரர் ஒழுங்காகச் சாட்சியம் சேர்த்தால் குற்றவாளி தப்ப மாட்டான். சட்டம் தெரியாத போலீஸ்காரரால் நிரபராதி ஜெயிலுக்குப் போவான். சில சமயம் உண்மைக் குற்றவாளியே வெளியே வந்துவிடுவான். போலீசுக்குப் படிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையா?

என்ன பாடம்?

இரண்டு ஆண்டுகளில் என்னென்ன படிக்கிறார்கள்?

போலீஸ், கோர்ட்டு, ஜெயில் எப்படி நடக்கின்றன என்பது முதல் பாடம். பிறகு குற்றவியல் சட்டம். பிறகு அரசியல் சட்டம் குடிமக்களுக்குக் கொடுத்து இருக்கும் உரிமைகள். சாட்சியச் சட்டம். துப்புத் துலக்கும் முறை. சிறுவர் குற்றம். மக்களோடு பழகும் முறை.

இவற்றோடு ஆங்கிலக் கட்டுரை, கணக்கு, மன இயல், சமூக இயல் ஆகியவையும் உண்டு.

"போலீஸ்காரருக்குக் கட்டுரை எதற்கு?" என்று சில மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். போலீஸ்காரர் துப்பாக்கியை எடுப்பது எப்போதோ ஒரு நாள். பேனாவை எடுப்பது தினமும்! எதைப் பார்த்தார், எப்போது பார்த்தார், யார் என்ன சொன்னார் என்று அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையை வைத்துத்தான் கோர்ட்டில் வழக்கு நிற்கும். அறிக்கை குளறினால் வழக்கும் குளறும்.

சர்க்கார் பணம் பாய்ந்தது

1960-களில் அமெரிக்காவில் குற்றங்கள் பெருகின. நகரங்களில் கலவரம் மூண்டது. ஜனாதிபதி ஜான்சன் 1965-ல் ஒரு கமிஷன் அமைத்தார். "நாளடைவில் எல்லாப் போலீஸ்காரர்களும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும்" என்று அது 1967-ல் சொன்னது.

1968-ல் புதுச் சட்டம் வந்தது. போலீஸ்காரர்களும் போலீசில் சேர விரும்புகிறவர்களும் கல்லூரியில் படிக்கச் சர்க்கார் பணம் கொடுத்தது. கடன் வாங்கிப் படித்தவர் அந்த வேலையில் ஓர் ஆண்டு இருந்தால் கால் பங்கு கடன் தள்ளுபடி. நான்கு ஆண்டு இருந்தால் முழுக்கடனும் தள்ளுபடி!

பணம் வந்தது. கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு இந்தப் படிப்பைத் தொடங்கின. எண்ணிக்கை பெருகியது. தரம் பெருகியதா?

இல்லை என்று 1978-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு குறை கூறியது. பல கல்லூரிகள் பணத்துக்காகவே பாடம் நடத்தின. பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டியதையே கல்லூரியிலும் சொல்லிக்கொடுத்தன. யோசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இதுதான் அந்தக் குழு கூறிய குறை.

பட்டம் பெற்றால் வேலை உண்டா?

இனி, பிள்ளைகளும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விக்கு வருவோம்.

பட்டம் வாங்கியதும் தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரே போலீஸ் கிடையாது. நகரத்துக்கு ஒரு போலீஸ், மாவட்டத்துக்கு ஒரு போலீஸ், மாகாணத்துக்கு ஒரு போலீஸ். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 18,000 இலாகாக்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி.

2017-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று. 100-க்கு 80-க்கு மேற்பட்ட இலாகாக்கள் உயர்நிலைப்பள்ளிப் படிப்பு மட்டுமே போதும் என்கின்றன. ஆனால் வேலையில் இருக்கும் போலீஸ்காரர்களில் பாதிப்பேர் குறைந்தது இரண்டு ஆண்டுப் பட்டமாவது பெற்றவர்கள். 100-க்கு 30 பேர் நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவர்கள். கேட்காவிட்டாலும் படித்தவர்கள் வருகிறார்கள். பதவி உயர்வுக்கு அது உதவுகிறது. சில இலாகாக்களில் சம்பளமும் கூடுகிறது.

டல்லாஸ் நகரப் போலீஸ் கல்லூரிப் படிப்புக் கேட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இந்த விதியால் கறுப்பினத்தவர்களே அதிகமாக வேலை இழக்கிறார்கள் என்று வாதாடினார்கள். அது உண்மைதான். ஆனாலும் போலீஸ் வேலையின் பொறுப்பு பெரியது என்று சொல்லி, 1985-ல் மேல் கோர்ட்டு அந்த விதியை ஏற்றுக்கொண்டது.

இப்போது காற்று மாறி வீசுகிறது. போலீசில் சேர ஆள் கிடைக்கவில்லை. நியூயார்க் நகரப் போலீஸ் 60 யூனிட் கல்லூரிப் படிப்புக் கேட்டு வந்தது. 2025-ல் அதை 24 ஆகக் குறைத்துவிட்டது!

படிப்பைத் தவிர வேறு படிகளும் உண்டு. எழுத்துத் தேர்வு. ஓட்டத் தேர்வு. டாக்டர் பரிசோதனை. மன நிலைப் பரிசோதனை. எல்லாவற்றையும்விடக் கடினமானது பூர்வோத்தர விசாரணை. பழைய வேலை, பழைய கடன், பழைய வழக்கு எல்லாவற்றையும் தோண்டுவார்கள். அண்டை வீட்டுக்காரரையும் கேட்பார்கள். பொய் சொன்னது தெரிந்தால் அதோடு சரி.

மனைவியை அடித்துத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996-ல் சட்டம் வந்தது. சிறு தண்டனையாக இருந்தாலும் சரி. துப்பாக்கி இல்லாமல் அங்கே போலீஸ் வேலை ஏது?

இவ்வளவும் தாண்டினால் பயிற்சிப் பள்ளி. கலிபோர்னியாவில் குறைந்தது 664 மணி நேரப் பயிற்சி. அங்கே பல பயிற்சிப் பள்ளிகளைச் சமுதாயக் கல்லூரிகளே நடத்துகின்றன.

சம்பளம் மோசம் இல்லை. 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி, போலீஸ்காரர்கள், துப்பறிவோர் ஆகியோரின் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலர். அதாவது பாதிப்பேர் அதற்கு மேல் வாங்கினார்கள். பாதிப்பேர் அதற்குக் கீழே வாங்கினார்கள்.

போலீசில் சேர முடியாதவர்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. ஜெயில் காவலர் ஆகலாம். கோர்ட்டு குமாஸ்தா ஆகலாம். அவசர உதவிக்கு வரும் டெலிபோனை எடுத்துப் பேசும் வேலைக்குப் போகலாம். நன்னடத்தை அதிகாரி ஆவதற்கு மட்டும் பெரும்பாலும் நான்கு ஆண்டுப் பட்டம் வேண்டும்.

ஏமாந்தவர்கள்

இந்த ஆசையை வைத்துப் பணம் பறித்தவர்களும் உண்டு.

இல்லினாய் மாகாணத்தில் ஒரு தனியார் கல்லூரி. "எங்களிடம் குற்றவியல் நீதி படியுங்கள். போலீஸ் வேலை கிடைக்கும்" என்று விளம்பரம் செய்தது. பிள்ளைகள் கடன் வாங்கிப் படித்தார்கள். ஊர்க் கல்லூரிக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு கட்டினார்கள்.

படித்து முடித்தபின் குண்டு விழுந்தது. அந்தப் பட்டத்தை முக்கியமான போலீஸ் இலாகாக்கள் ஏற்கவில்லை!

2012-ல் மாகாண அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். 2016-ல் கல்லூரி மூடப்பட்டது. 2022-ல் மத்திய சர்க்கார் அந்தக் கல்லூரியில் படித்த 79,000 பேருடைய கடனைத் தள்ளுபடி செய்தது. தொகை எவ்வளவு தெரியுமா? 150 கோடி டாலர்!

கடன் போயிற்று. போன ஆண்டுகள் திரும்பி வருமா?

இதனால்தான் விவரம் தெரிந்த ஆசிரியர்கள் மாணவர்களிடம் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்.

ஒன்று: பணம் கட்டும் முன்பு, வேலைக்குப் போக விரும்பும் இலாகாவிடமே நேரில் கேள். "இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா?" என்று கேள்.

இரண்டு: பிறகு நான்கு ஆண்டுப் பட்டத்துக்குப் போக விரும்பினால், இங்கே படித்த பாடம் அங்கே கணக்கில் சேருமா என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிந்துகொள். எல்லா இரண்டு ஆண்டுப் பட்டங்களும் அப்படிச் சேருவது இல்லை.

மூன்று: உன் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே. 19 வயதில் செய்த முட்டாள்தனம் 25 வயதில் கதவைச் சாத்தும்.

மின்னசோட்டா சொல்லும் பாடம்

இப்போது இரண்டாவது கேள்வி. படிப்பு நல்ல போலீஸ்காரரை உண்டாக்குகிறதா?

2010-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இரண்டு நகரங்களில் போலீசார் நடந்துகொண்ட விதத்தைக் கூடவே போய்ப் பார்த்து எடுத்த குறிப்புகளை வைத்துச் செய்தது. கல்லூரியில் படித்தவர்கள் பலாத்காரத்தைக் குறைவாகவே பயன்படுத்தினார்கள் என்று தெரிந்தது. ஆனால் கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் வித்தியாசம் இல்லை.

ஆகவே படிப்பால் பலன் உண்டு. ஆனால் அது மந்திரக்கோல் அல்ல.

இதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு.

போலீசில் சேரக் கல்லூரிப் பட்டம் வேண்டும் என்று மாகாணம் முழுவதற்கும் விதி வைத்த மாகாணம் மின்னசோட்டா. 1970-களில் இருந்து பல பத்து ஆண்டுகளாக அங்கே இந்த விதி நடந்து வந்தது. குறைந்தது இரண்டு ஆண்டுப் பட்டம் வேண்டும்.

அதே மின்னசோட்டாவில், மினியாபொலிஸ் நகரில், 2020-ம் ஆண்டு மே 25-ந்தேதி மாலை. ஜார்ஜ் பிளாய்டு என்ற 46 வயதுக் கறுப்பினத்தவரைப் போலீசார் பிடித்தார்கள். 20 டாலர் கள்ள நோட்டை மாற்றினார் என்று புகார். கையில் விலங்கு மாட்டித் தரையில் குப்புறத் தள்ளினார்கள். மூத்த போலீஸ்காரர் ஒருவர் அவர் கழுத்தின்மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அல்ல. 9 நிமிடத்துக்கு மேல்!

"மூச்சு விட முடியவில்லை" என்று பிளாய்டு கதறினார். அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு பேச்சு நின்றது. உயிரும் நின்றது.

அங்கே ஒரு புதுப் போலீஸ்காரரும் இருந்தார். வேலைக்கு வந்து அன்று நான்காவது நாள். கல்லூரிப் பட்டம் பெற்றவர். குப்புறக் கிடப்பவருக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரிந்து இருந்தது. "ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா?" என்று கேட்டார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கேட்டார்.

மூத்தவர் மறுத்தார். இளையவர் அடங்கிவிட்டார்.

அந்த மூத்தவர் யார்? புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர்!

மூத்தவருக்கு 2021-ல் இருபத்திரண்டரை ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது. இரண்டு தடவை கேட்ட புதியவரும் 2022-ல் தண்டனை பெற்றார். கேட்டால் மட்டும் போதாது என்பதே அதன் பொருள்.

யோசித்துப் பாருங்கள். அந்த இளைஞருக்குப் படிப்பு இல்லையா? இருந்தது. விஷயம் தெரியாதா? தெரிந்தது. தெரிந்ததைச் செய்யும் தைரியம்தான் வரவில்லை. வகுப்பறையில் இரண்டு ஆண்டு, நான்கு ஆண்டு படித்ததை, "மூத்தவர் சொன்னால் கேள்" என்ற வழக்கம் நான்கே நாளில் மூடிவிட்டது.

இனி என்ன?

பிளாய்டின் மரணத்துக்குப்பின் சட்டங்கள் மாறின. ஒரு போலீஸ்காரர் அளவு மீறிப் பலாத்காரம் செய்தால் பக்கத்தில் நிற்பவர் தடுத்தே ஆக வேண்டும் என்று மின்னசோட்டா 2020-லேயே சட்டம் செய்தது. மூத்தவர், இளையவர் என்ற பேச்சு கிடையாது.

கலிபோர்னியா 2021-ல் ஒரு சட்டம் செய்தது. போலீசில் சேரும் வயது அதுவரை 18 ஆக இருந்தது. அதை 21 ஆக உயர்த்தியது. போலீஸ் வேலைக்கு ஒரு புதுப் பட்டப் படிப்பை உருவாக்கும்படி சொன்னது. அந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தது? சமுதாயக் கல்லூரிகளை நடத்தும் அலுவலகத்திடம்தான். வால்மர் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை!

ஒரு பக்கம் நியூயார்க், "படிப்பைக் குறை" என்கிறது. இன்னொரு பக்கம் கலிபோர்னியா, "படிப்பை மாற்று" என்கிறது. எது சரி?

ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மையான கஷ்டம்தான். கல்லூரிக்குப் போக வசதி இல்லாத நல்ல பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துவதும் நியாயம் அல்ல. ஆனால் அதற்கு மருந்து, கல்லூரியை அவர்கள் அருகே கொண்டு வருவதுதான். கல்லூரியே வேண்டாம் என்பது மருந்து அல்ல. 46 டாலருக்கு ஒரு யூனிட் கொடுக்கும் ஊர்க் கல்லூரி அதைத்தான் செய்கிறது.

படிப்பு கண்ணைத் திறக்கிறது. எது சட்டம், எது சட்டம் அல்ல என்று காட்டுகிறது. ஆனால் திறந்த கண் கண்டதை வாய் சொல்ல வேண்டும். கை தடுக்க வேண்டும். "ஐயா, இது தப்பு" என்று மேல் அதிகாரியிடம் சொல்லும் இளைஞரை, அந்த இலாகா தண்டிக்காமல் தாங்க வேண்டும். அப்போதுதான் படித்த படிப்பு தெருவில் பலன் கொடுக்கும்.

மாலை வகுப்பு முடிகிறது. விளக்கை அணைக்கிறார்கள். கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண் புத்தகத்தை மூடிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறாள். இன்னும் ஓர் ஆண்டு போனால் அவள் பட்டம் பெறுவாள். அதன்பிறகு அவள் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாம்.

அந்தத் துப்பாக்கியை எப்போது எடுக்க வேண்டும் என்பதைப் பயிற்சிப் பள்ளி சொல்லிக்கொடுக்கும். எப்போது எடுக்கக் கூடாது என்பதையும், பக்கத்தில் நிற்பவர் எடுத்தால் எப்படித் தடுக்க வேண்டும் என்பதையும் அவள் இப்போதே படித்துக்கொண்டு இருக்கிறாள்.

அவள் அதை மறக்காமல் இருக்க வேண்டும். யாரோ ஒரு தாயின் பிள்ளை உயிரோடு வீடு திரும்புவது அதில்தான் இருக்கிறது.